ஏலமலையின் டிபெண்டென்ட் விசா

வெளிநாட்டில் இருக்கிற நம்மாட்கள் ரெண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது நிமிஷம் பேச்சு விசாவில் வந்து நிற்கும். வேலை பார்க்கிற ஆளைப் பற்றி அவ்வளவு கவலை இருக்காது, அவரைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். கவலையெல்லாம் அவர் கூட வந்தவர்களைப் பற்றித்தான். வீட்டுக்காரம்மாவுக்கு ஹெச்-4 நீட்டிப்பு வந்துச்சா? மூத்தவனுக்கு 21 வயசு ஆகுறதுக்குள்ள கிரீன் கார்டு வருமா? ஊர்ல தனியா இருக்குற அம்மாவைக் கூட்டிட்டு வர முடியுமா?

நான் போடிநாயக்கனூர்க்காரன். எங்க ஊரில் இந்தப் பேச்சு நூறு வருஷத்துக்கும் மேலாக நடந்துகொண்டிருக்கிறது. என்ன, பாஸ்போர்ட் இல்லாமல் நடக்கிறது, அவ்வளவுதான். :-)

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்கு ஆள் தேவைப்படுகிற இடம் முதலில் ஒற்றை ஆளைத்தான் கூப்பிடும். அவன் வருவான், உழைப்பான், பத்து இருபது வருஷம் ஓடும். ஒருநாள் அவன் "நானும் இந்த ஊர்க்காரன்தான்" என்று சொல்லும்போது, "அப்படியா, உன் பெண்டாட்டி பிள்ளை எங்கே இருக்காங்க?" என்று கேள்வி வரும். கீழே ஊரில் இருக்கிறார்கள் என்றால் "அப்ப நீ வந்து போறவன்தான்" என்று முடித்துவிடுவார்கள். கூடவே இருக்கிறார்கள் என்றால், "அவங்க இருப்பு உன் வேலையோட சரி" என்பார்கள். ரெண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம் மாதிரி. எங்க மலையின் வரலாற்றை இந்தக் கேள்வியை வைத்தே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் புவியியல். போடி மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் சுவர் மாதிரி மலை நிற்கும். அதில் 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. மெட்டைத் தாண்டினால் கேரளம்: பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு. மொத்தமும் ஏலமலை. எங்க பக்கம் "ஏலக்காட்டுக்குப் போறது" என்றுதான் சொல்வோம். மலை திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தம், அதில் ஏறிய கால்கள் பெரும்பாலும் மதுரைச் சீமையின் கால்கள். கம்பம், தேவாரம், போடி என்று அடிவாரத்து ஊர் ஒவ்வொன்றுக்கும் மேலே போக ஒரு பாதை இருந்தது. ஜீப்பும் தார் ரோடும் வருவதற்கு முன்னால் தலைச்சுமையும் பொதிக் கழுதையும்தான்.

ஏலம் ரொம்ப காலம் சமஸ்தானத்தின் ஏகபோகம். விளைவிக்கிறவன் காயை சர்க்காரிடம்தான் கொடுக்க வேண்டும். 1896-ல்தான் அந்த ஏகபோகத்தை விட்டுவிட்டு நிலத்துக்கு வரி என்று மாற்றினார்கள். அதற்கு முன்பே இன்னொரு கதை தொடங்கிவிட்டது. திருவிதாங்கூரின் ஏலமலைக் கண்காணிப்பாளராக இருந்த ஜே.டி. மன்றோ 1877 ஜூலை 11-ல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். காபி, சிங்கோனா என்று முயற்சி செய்துவிட்டுக் கடைசியில் தேயிலையில் வந்து நின்றார்கள். இன்றைய மூணாறு அப்படி உருவானதுதான்.

அந்தத் தோட்டங்களுக்கு வாசல் கொச்சிப் பக்கம் இல்லை, எங்க பக்கம்தான். டாப் ஸ்டேஷனில் இருந்து கொட்டகுடி அடிவாரத்துக்கு ரோப்வே. அதில் தேயிலை இறங்கும், அங்கிருந்து போடி, போடியிலிருந்து தூத்துக்குடி, அப்புறம் கப்பல். மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-ல் ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908-ல் அதை மாற்றி சின்ன ரயில். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் போனது போனதுதான். கீழே மதுரை - போடி ரயில் 1928-ல் வந்தது. (மீட்டர் கேஜ் 2010 கடைசியில் நின்று, அகல ரயில் போடிக்கு வர 2023 ஜூன் ஆகிவிட்டது. அந்தப் புலம்பலைத் தனிப் பதிவாகப் போடலாம்.) தேயிலை இறங்கிய வழியிலேயே அரிசியும் ஆளும் ஏறினார்கள். கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்துக்கொண்டு போவார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திறமையுள்ள புலம்பெயர்வோர் என்றாலே நம்ம மனசில் லேப்டாப் பை மாட்டிய ஆள்தான் வருகிறார். ஏலக்காட்டு வேலை தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஏலச்செடியில் காய் ஒரே நாளில் பழுக்காது. தரையை ஒட்டி ஓடுகிற சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றின காயும் சேர்ந்தே இருக்கும். பிஞ்சைத் தொடாமல், பூவை உதிர்க்காமல், முற்றினதை மட்டும் விரலால் தடவியே கண்டுபிடித்து எடுக்க வேண்டும். அதுவும் மழையில், குனிந்தபடி, அட்டைக்கடிக்கு நடுவில். ஒரு சுற்று முடித்து நாற்பது நாளில் அதே செடிக்குத் திரும்ப வரவேண்டும். கவாத்து செய்யத் தெரியணும், எந்தத் தட்டையை விடணும், எதை அறுக்கணும் என்று தெரியணும். ஸ்டோரில் சூடு ஏறி இறங்கினால் பச்சை நிறம் போய்விடும், நிறம் போனால் விலை போய்விடும். காய் எடுப்பதிலும் தரம் பிரிப்பதிலும் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்களுக்கு அரசாங்கக் காகிதம் வைத்திருந்த பெயர் 'கூலி'. எந்த வேலைக்குத் திறமை என்று பெயர் வைப்பது, எதற்கு வைக்காமல் விடுவது என்பதிலேயே குடியுரிமைச் சண்டையில் பாதி தீர்ந்துவிடுகிறது.

சரி, இப்ப அந்தக் கேள்விக்கு வருவோம். பெண்டாட்டி பிள்ளை எங்கே?

1950-களில் இந்தக் கேள்வி ஒரு எல்லைக்கோட்டையே தீர்மானிக்கிற அளவுக்குப் போனது. மொழிவாரி மாநிலம் பிரிக்கிற நேரம். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1951 மக்கள்தொகைக் கணக்குப்படி தேவிகுளத்தில் தமிழர் சுமார் 72 சதவீதம், பீர்மேட்டில் சுமார் 44 சதவீதம். எண்ணிக்கை மட்டுமே கணக்கு என்றால் தேவிகுளத்திலாவது விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் எதிர்வாதம் வந்தது: இவர்கள் தோட்டத்தொழிலாளிகள், வந்து போகிறவர்கள், நிலையான குடிகள் இல்லை. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊருக்குப் போகிறார்கள், வயசானால் ஊருக்கே போய்விடுகிறார்கள், அப்புறம் எப்படி இந்த மண்ணின் மக்கள் ஆவார்கள்?

ஃபசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்புக் கமிஷன் 1955-ல் அறிக்கை கொடுத்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கே என்றார்கள். பொருளாதாரம், நீர்வளம், போக்குவரத்து என்று வேறு காரணங்களும் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. எல்லைக்கோடு எங்கே விழுந்திருக்க வேண்டும் என்று சண்டை போட இந்தப் பதிவை எழுதவில்லை. அந்தச் சண்டைக்கு வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் கவனிப்பது அந்த ஒரு வாதத்தை மட்டும். வருஷக்கணக்காக மலையில் வேலை பார்த்தவர்களை 'மிதக்கும் கூட்டம்' என்று எண்ணிக்கையிலிருந்து கழிக்க முடிந்தது. ஏன் மிதந்தார்கள்? லயத்தில் ஒரு அறை, அதில் ஒரு குடும்பம் இருக்க முடியாது. பிள்ளை படிக்கப் பள்ளிக்கூடம் இல்லை. பேறுகாலத்துக்கு ஆஸ்பத்திரி இல்லை. அதனால் குடும்பம் கீழே. குடும்பம் கீழே இருந்ததால் இவன் நிலையான குடி இல்லை. இருக்க இடம் கொடுக்காமல் இருந்துவிட்டு, நீ இங்கே இருக்கவில்லையே என்று கேட்கிற நியாயம்!

அதே வருஷங்களில் இன்னொரு காட்சி. உணவு உற்பத்தியைப் பெருக்க 1940-களிலிருந்தே சமவெளியிலிருந்து மலையாளி விவசாயிகள் மலையேறிக்கொண்டிருந்தார்கள். 1955-ல் திருவிதாங்கூர்-கொச்சி அரசே குடியேற்றத் திட்டம் போட்டுக் குடும்பத்துக்கு 5 ஏக்கர் வீதம் கொடுத்தது. கல்லாறு பக்கம் 'பட்டம் காலனி' என்ற பெயரே அன்றைய முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளையை வைத்து வந்ததுதான். அந்த விவசாயிகளும் ஏழைகள்தான், காட்டு யானைக்கும் மலேரியாவுக்கும் நடுவில் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்க. அவர்களை அரசு கூப்பிட்டபோதே 'குடும்பம்' என்று கூப்பிட்டது. எங்க ஆட்களைக் கம்பெனி கூப்பிட்டபோது 'ஆள்' என்று கூப்பிட்டது. குடும்பம் என்று வந்தவர் குடியேறியவர் ஆனார், ஆள் என்று வந்தவர் வேலைக்கு வந்தவராகவே நின்றார். பிற்பாடு 1993-ல் கேரள அரசு விதி கொண்டுவந்தபோது, 1977 ஜனவரி 1-க்கு முன்னால் நிலத்தை அனுபவித்து வந்தவர்களுக்குப் பட்டயம் என்றார்கள். லயத்தில் இருப்பவனுக்கு அனுபவித்து வந்த நிலம் எங்கே இருக்கிறது?

(எல்லாத் தமிழரும் கூலிகள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போடி, கம்பம் பக்கத்து முதலாளிமார் நிறைய பேருக்கு மேலே எஸ்டேட் உண்டு. அவர்களை யாரும் மிதக்கும் கூட்டம் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை.)

இந்த இடத்தில் ஏலமலையை விட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போகப் போகிறேன். காரணம் இருக்கிறது. எங்க மலையில் வாதமாக மட்டும் இருந்த அந்தக் கேள்வி, அதே சமயத்தில் இலங்கையில் எழுதப்பட்ட சட்டமாகவே இருந்தது. அங்கேயும் மலை, அங்கேயும் தேயிலை, அங்கேயும் கங்காணி, அங்கேயும் லயம்.

1948 குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை மலையகத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு 1949-ல் இந்திய, பாகிஸ்தானிய வசிப்போர் குடியுரிமைச் சட்டம் என்று ஒன்று வந்தது. விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். நிபந்தனை என்ன? 1946 ஜனவரி 1-க்கு முன்னால் தொடர்ச்சியாக, கல்யாணம் ஆகாதவர் என்றால் 10 வருஷம், ஆனவர் என்றால் 7 வருஷம் இலங்கையில் இருந்திருக்க வேண்டும். ஒரு தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்தது. 'கல்யாணம் ஆனவனுக்குச் சலுகை, பரவாயில்லையே' என்று நினைத்தால் அடுத்த வரியில் கொக்கி. மனைவி கல்யாணம் ஆன ஒரு வருஷத்துக்குள் இலங்கைக்கு வந்து, அதிலிருந்து தொடர்ந்து அங்கேயே இருந்திருக்க வேண்டும். மைனர் பிள்ளைகள் ஒவ்வொருவரும் முதல் பிறந்தநாளுக்குள் இலங்கையில் இருந்து, அதிலிருந்து தொடர்ந்து இருந்திருக்க வேண்டும்.

இதை எழுதினவர்களுக்கு நம்ம வீட்டுப் பழக்கம் தெரியாமல் இருந்திருக்காது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். மனைவி கப்பலேறி ஊருக்கு வருகிறாள், பிள்ளை பெறுகிறாள், உடம்பு தேறவோ, மாமியாரைப் பார்க்கவோ, கப்பல் காசு சேரவோ ஒன்றரை வருஷம் ஆகிவிடுகிறது. முடிந்தது கதை. பிள்ளை முதல் பிறந்தநாளைத் தமிழ்நாட்டில் கொண்டாடியதால், இருபது வருஷம் மலையில் உழைத்த அப்பன் அந்நியன்! பிள்ளைக்கு அப்பனால் உரிமை வருவதுதான் நமக்குத் தெரிந்த முறை. இங்கே அப்பனின் உரிமை பிள்ளையின் தொட்டில் எந்த ஊரில் ஆடியது என்பதில் தொங்கியது.

விண்ணப்பங்கள் சுமார் எட்டேகால் லட்சம் பேருக்காகப் போட்டார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மிச்சப் பேரை என்ன செய்வது என்று ரெண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பங்கு பிரித்ததுதான் 1964 அக்டோபர் 30 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர், அதில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மிஞ்சின 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். இடையில் பிறக்கிற பிள்ளைகள் பெற்றோர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். ஆட்டு மந்தையைப் பிரிக்கும்போதுகூடக் குட்டியை இப்படித்தான் எண்ணுவார்கள்.

அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதி எங்க ஏலமலையின் தெற்கு ஓரத்துக்கே வந்து சேர்ந்தது. இன்றைக்கு எல்லோரும் சுற்றுலா போகிறார்களே கவி, அந்த ஊர். 1970-களின் கடைசியில் கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டங்களில் வேலை கொடுத்துக் குடியமர்த்தினார்கள். படகு ஓட்டுகிற, வழி காட்டுகிற ஆட்களின் பேச்சில் மலையகத் தமிழ் கலந்திருந்தால் காரணம் இதுதான். கடல் தாண்டி வந்தும் அதே கதை: வேலையோடு சேர்ந்த வீடு, வீட்டோடு சேர்ந்த வேலை.

இப்ப திரும்ப மலைக்கு வருவோம். இந்தியாவுக்குள் மாநிலம் மாற விசா தேவையில்லை. அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு எங்கே வேண்டுமானாலும் போகலாம், குடியிருக்கலாம் என்கிறது. உரிமை சாசனத்தில் இருக்கிறது, சரி. இருப்பு எதில் இருந்தது? செக்ரோலில். செக்ரோலில் பேர் இருக்கிறவரை லயம் உண்டு. ரிட்டையர் ஆனால் சர்வீஸ் பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி பண்ண வேண்டும். காலி பண்ணாமல் இருக்க ஒரே வழி, வீட்டில் இன்னொருத்தர் செக்ரோலில் ஏறுவது. படிக்கப் போன மகளைத் திருப்பிக் கூட்டி வந்து தேயிலையில் இறக்கிய வீடுகள் உண்டு. எங்க பக்கத்து ஆட்களைக் கேட்டால் சாதாரணமாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், கண்ணன் தேவன் மலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர், ஒரு தடவை சொன்னார்: "தம்பி, வீட்டுக்கு நான் வாடகை குடுக்கலப்பா. என் மகளைக் குடுத்தேன்." அதுக்கு மேல நான் ஒண்ணும் கேட்கல.

சட்டம் குடும்பத்தை எப்படிப் பார்த்தது என்பதற்கு 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் புரட்டினால் போதும். வீடு, மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளி எல்லாம் முதலாளி பொறுப்பு என்று சொன்ன நல்ல சட்டம்தான். அதில் 'குடும்பம்' என்றால் யார்? கணவன் அல்லது மனைவி, 18 வயது முடியாத பிள்ளைகள். அப்புறம் "தொழிலாளி ஆணாக இருந்தால்" அவனை அண்டியிருக்கும் பெற்றோர். ஆணாக இருந்தால்! கொழுந்து எடுப்பதும் ஏலக்காய் எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள். அவள் சம்பளத்தில் கஞ்சி குடிக்கிற அவளுடைய அம்மா அப்பா சட்டப்படி அவள் குடும்பம் இல்லை. இந்த வரியை எடுத்து, ஆண் பெண் யாராக இருந்தாலும் அண்டியிருக்கும் பெற்றோரும் விதவைச் சகோதரியும் குடும்பம்தான் என்று திருத்த 2010 வரைக்கும், ஐம்பத்தொன்பது வருஷம், ஆனது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து அந்தப் பழைய சட்டமே போய்விட்டது. ஆனால் அந்த ஐம்பத்தொன்பது வருஷம் போகவில்லை. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண்கள் சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டு 'பெம்பிளை ஒருமை' என்று ரோட்டில் உட்கார்ந்தது போனஸுக்காக என்று செய்தியில் படித்திருப்பீர்கள். அந்தக் கோபத்துக்கு வேர் ரொம்ப ஆழத்தில் இருந்தது.

ஏலக்காட்டில் இந்தச் சட்டம்கூட எல்லோரையும் தொடவில்லை. சின்னச் சின்னத் தோட்டங்கள் அதன் கணக்குக்குள் வராது. அதனால் அங்கே வேறு முறை. காலையில் போடி, தேவாரம், கம்பத்திலிருந்து ஜீப் ஏறி மெட்டு தாண்டி வேலைக்குப் போய், சாயங்காலம் இறங்கி வருவது. தினமும் மாநிலம் தாண்டுகிற பெண்கள். குடும்பத்தை மேலே கொண்டுபோகிற பிரச்சினையே இல்லாத முறை. முதலாளிக்கு வீடு கட்டுகிற செலவு இல்லை, அரசுக்குக் குடியேற்றம் இல்லை. விசிட் விசாவில் வந்து வேலை பார்த்துவிட்டுப் போகிற மாதிரி என்று வையுங்களேன். இந்த முறை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது ரெண்டு தடவை தெரிந்தது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தின்போது ஏலத்தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடி வந்தார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது மெட்டில் கம்பு போட்டு அடைத்தார்கள். தாண்டுவதற்குப் பாஸ். எங்க ஊர் பாட்டிமார் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஏலக்காட்டுக்குப் போக ஆன்லைனில் விண்ணப்பம் போட்டார்கள். விசா இல்லை என்று யார் சொன்னது?

அதே 2020-ல் ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்து 70 பேர் போய்விட்டார்கள். அதில் பல குடும்பங்களுக்கு 'சொந்த ஊர்' தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. மூன்று தலைமுறை மலையில் பிறந்து மலையில் வேலை பார்த்தவர்கள். ஒரே கூரைக்குக் கீழே அப்பா, மகன், மருமகள், பேரன் என்று அத்தனை பேர் ஏன் அடைந்து கிடந்தார்கள்? வேலை செய்கிற ஒருத்தரின் வீட்டில்தான் மற்ற எல்லோரும் இருக்க முடியும். டிபெண்டென்ட் என்ற வார்த்தைக்கு இதைவிடக் கொடூரமான விளக்கம் எனக்குத் தெரியாது.

கடைசியாக இன்னொரு தேதி. 1950 ஆகஸ்ட் 10. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள். சாதிப் பட்டியல் மாநிலவாரியானது. அந்தத் தேதியில் உங்கள் முன்னோர் எந்த மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியிருந்தார்களோ அங்கேதான் உங்களுக்கு இடஒதுக்கீடு. அதற்குப் பிறகு மாநிலம் மாறினால் சாதி கூடவே வரும், சலுகை வராது. 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதி செய்தது, 2018-ல் பீர் சிங் வழக்கில் திரும்பவும் சொன்னது. இடுக்கியில் பட்டியல் சாதித் தமிழ்ப் பிள்ளை சான்றிதழ் கேட்டுப் போனால், உங்க தாத்தா 1950-க்கு முன்னால் இங்கே இருந்ததற்கு ஆதாரம் என்ன என்பார்கள். கூலி என்று எழுதி வைத்த தாத்தாவுக்கு என்ன பத்திரம் இருக்கும்? நிலம் இல்லை, வரி ரசீது இல்லை. பிள்ளைகள் பிறந்ததுகூடக் கீழே ஊரில் பாட்டி வீட்டில், பதிவும் அங்கேதான். கீழே போய்க் கேட்டால் "நீங்கதான் கேரளாவுல இருக்கீங்களே" என்பார்கள்.

இது தாலுகா ஆபீஸோடு நிற்கிற விஷயம் இல்லை. தேவிகுளம் தனித் தொகுதியில் 2021-ல் ஜெயித்த ஏ. ராஜாவின் வெற்றி செல்லாது என்று 2023 மார்ச்சில் கேரள ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. மதமாற்றம் பற்றிய கேள்விதான் அதில் பெரியது. ஆனால் அவருடைய தாத்தா பாட்டி எப்போது மலைக்கு வந்தார்கள், 1950-க்கு முன்னாலா பின்னாலா என்பதும் வழக்கில் இருந்தது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. அரசியலில் யார் சரி என்பதை விடுங்க. பேரன் சட்டசபையில் உட்காரலாமா என்பதற்குப் பாட்டன் பாட்டி தோட்டத்துக்கு வந்த வருஷத்தைத் தேட வேண்டியிருந்தது, அதைப் பாருங்க.

இப்ப லேப்டாப் பை மாட்டிய நண்பர்களுக்கு வருகிறேன். 2006 ஏப்ரலில் பிரிட்டன் நிரந்தரக் குடியிருப்புக்கான காலத்தை 4 வருஷத்திலிருந்து 5 ஆக்கியது. அதே நவம்பரில் உயர்திறன் குடியேறிகள் திட்டத்தின் நீட்டிப்பு விதியை, ஏற்கெனவே வீட்டை விற்றுவிட்டு வந்து இறங்கியவர்களுக்கும் சேர்த்து மாற்றியது. அவர்கள் சங்கமாகச் சேர்ந்து கோர்ட்டுக்குப் போய் 2008 ஏப்ரலில் ஜெயித்தார்கள். அமெரிக்காவில் ஹெச்-4 மனைவிமாரில் ஒரு பகுதியினர் வேலை பார்க்கலாம் என்று ஆனது 2015 மே மாதம்தான். 2024 மார்ச்சில் பிரிட்டன் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டி வரக்கூடாது என்றது. 2025 மே வெள்ளை அறிக்கையில் 5 வருஷத்தைப் பொதுவாக 10 ஆக்கலாம் என்றது. பத்து வருஷம் என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு 1949 கொழும்புதான் ஞாபகம் வந்தது.

ரெண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. ஹெச்-4-ல் இருக்கும் தங்கச்சிக்கு மேலே மலை சரியப் போவதில்லை. அவருக்கு வக்கீல் உண்டு, திரும்பி வந்தால் ஊரில் ஃபிளாட் உண்டு. ஆனால் சூத்திரம் ஒன்றுதான். உழைப்பு வேண்டும், உழைப்பவனைச் சுற்றியுள்ள உயிர்கள் வேண்டாம். அவர்களை ஒருவன் பெயரில் ஒரு வரியாக எழுது. அந்த வரியை அடிக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொள்.

அந்த நண்பர்களில் சிலர் நம்ம ஊரில் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலைக்கு வருகிறவர்களைப் பற்றிப் பேசும்போது "இவங்க எல்லாம் வந்து போறவங்க, ஓட்டு ரேஷன் எல்லாம் எதுக்கு" என்கிறார்கள். இன்றைக்கு ஏலமலையிலும் மூணாறிலும் எங்க ஆட்கள் விட்ட இடத்தில் வந்து நிற்பதும் அவர்கள்தான். மிதக்கும் கூட்டம் என்ற வார்த்தையை 1955-ல் நமக்குச் சொன்னார்கள். அதை நாம் எடுத்து அடுத்தவனுக்குச் சொல்லும்போது கொஞ்சம் நாக்கு கூச வேண்டாமா?

உங்க எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். உங்க வீட்டில் யாராவது மலைக்கோ, கண்டிக்கோ, மலேயாவுக்கோ, பர்மாவுக்கோ போனவர்கள் இருப்பார்கள். அவர்கள் போன வருஷம், தோட்டத்தின் பெயர், கூடப் போனவர்கள் யார், பிள்ளைகள் எங்கே பிறந்தார்கள் என்பதை உயிரோடு இருக்கிற பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். சம்பளத் துண்டு, பழைய ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ் எதுவாக இருந்தாலும் குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியை எந்த அரசாங்கம் எப்போது கோடாகப் போடும் என்று யாருக்கும் தெரியாது. கோடு விழுகிற அன்றைக்கு ஆதாரம் கேட்பது போனவரிடம் இல்லை, அவருடைய பேத்தியிடம்.